தில்லை நகர்ப் பொன்விழாவும் கறுப்பு மணிகளும்

திருச்சிராப்பள்ளிக்கு முதன்முறையாக வருகிறவர் மலைக்கோட்டையை அடையாளமாக வைத்து வழி கேட்பார். தில்லை நகருக்குள் நுழைந்தவருக்கோ எண்களே அடையாளம். நடுவே பிரதான சாலை. அதிலிருந்து கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிரிந்து, முதலாவது, இரண்டாவது என்று வரிசை தவறாமல் செல்லும் குறுக்குத் தெருக்கள். எண்ணத் தெரிந்த பிள்ளை இங்கே வழி தவறுவதில்லை. வடமேற்கே சோழர்களின் பழைய தலைநகரான உறையூர். அங்கே தெருக்கள் தம் விருப்பம்போல் வளைந்து திரிகின்றன. அந்தப் பழைமைக்குப் பக்கத்தில், அளவுகோல் கொண்டு வகுத்தது போன்ற இந்தக் குடியிருப்பு, வெளியூரானாகிய எனக்கு எப்போதும் சற்று வியப்பூட்டும்.

என் அக்காளும் அத்தானும் இங்கே ஒரு மேற்குக் குறுக்குத் தெருவில் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அவர்கள் குடிவந்த நாளில் மொட்டைமாடியில் நின்றால் மலைக்கோட்டை முழுவதும் தெரியும். பின்னர் ஒவ்வொரு வீடாக இடிந்து அடுக்குமாடியாக உயர, முதலில் மலையின் அடிவாரம் மறைந்தது. பிறகு தாயுமானவர் கோவில் மறைந்தது. இப்போது இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு இடையே உச்சிப்பிள்ளையார் கோவில் மட்டும் தலைகாட்டுகிறது. பிரதான சாலையில் மருத்துவமனைகளும் துணிக்கடைகளும் உணவகங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆயினும் குறுக்குத் தெருக்களின் உட்பகுதியில் வேப்பமரமும் கிணறும் உள்ள வீடுகள் சில இன்னும் இருக்கின்றன. அக்காளின் வீடு அவற்றுள் ஒன்று.

2022ஆம் ஆண்டின் புனித வாரத்தில் நான் திண்டுக்கல்லிலிருந்து அங்கே சென்றது ஒரு பொன்விழாவிற்காக. 1972 ஏப்ரல் 17ஆம் நாள், திங்கட்கிழமை, அவர்களுக்குத் திருமணம் நடந்தது. ஐம்பதாம் ஆண்டு நிறைவான 2022 ஏப்ரல் 17 உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறாகவே அமைந்துவிட்டது. "ஆண்டவரே நாள் குறித்துக் கொடுத்துவிட்டார், இனி ஐயரிடமும் கேட்க வேண்டியதில்லை, மண்டபத்துக்காரரிடமும் கேட்க வேண்டியதில்லை" என்றாள் அக்காள். மண்டபம் வேண்டாம், வீட்டு முற்றத்திலேயே பந்தல் என்று அவள் முடிவு செய்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அத்தானுக்கு முந்தைய ஆண்டு பெருந்தொற்று வந்து, மூச்சுக் காற்றுக்காகப் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். பிழைத்து வந்தவர் தெருவாசலைத் தாண்டவில்லை. உடம்பு தேறியும் மனம் தேறவில்லை. நாக்கில் சுவையே இல்லை என்று சொல்லி, கஞ்சியையும் ரொட்டியையும் கடமைக்கு விழுங்கிக்கொண்டிருந்தார். பொன்விழா என்பது அக்காளுக்கு விழா மட்டுமன்று. அவரை மீண்டும் ஒரு பந்தியில் உட்காரவைக்கும் முயற்சியும் ஆகும்.

இந்த நிலையில்தான் பெரிய வியாழனன்று என் மருமகன், அக்காளின் இளைய மகன், வந்து சேர்ந்தான். அவன் பயணிகள் கப்பலொன்றில் சமையற்கலைஞன். பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது, பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே சுற்றிவைத்திருந்த ஒரு சிறிய தகர டப்பா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், எடை 30 கிராம்.

"என்னடா இது, கால்வலிக்குத் தைலமா?" என்றாள் அக்காள்.

"கேவியர் அம்மா. கப்பலில் பெரிய விருந்தென்றால் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவைக் குழைத்து நிரப்பி, அதன்மேல் இதை வைப்போம். உங்கள் பொன்விழாவில் வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கப்போகிறேன்."

கேவியர் என்பது ஸ்டர்ஜன் என்னும் மீனின் சினை; உப்பிட்டுப் பதப்படுத்தியது. கரும்பழுப்பு, சாம்பல், கறுப்பு என்று இனத்துக்கேற்ப நிறம் மாறும். உடலில் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வரிசையிட்ட மிகப் பழைய மீனினம் அது. காஸ்பியன் கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்கு வோல்கா முதலிய ஆறுகளில் எதிர்நீச்சலிட்டு ஏறும். அதன் பேரினமான பெலுகா ஓராயிரம் கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. பெண் மீன் முதன்முதலாகச் சினை கொள்ளவே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சினைக்காகப் பெரும்பாலும் மீனைக் கொல்லத்தான் வேண்டும். பதினைந்து ஆண்டுக் காத்திருப்பை ஒரு நாளில் அறுத்தெடுப்பது என்றால் விலை ஏன் அப்படி என்பது விளங்கும். மருமகன் விலையைத் தன் தாயாரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அது நல்லதாயிற்று.

கீழைத் திருச்சபையினரின் தவக்காலத்தில் இந்தச் சினைக்கு ஒரு தனி இடமுண்டு. அவர்கள் அந்த நாள்களில் இறைச்சியும் முட்டையும் பாலும் விலக்குவதோடு மீனையும் விலக்குகிறார்கள். ஆனால் குருத்து ஞாயிறுக்கு முந்திய நாளான இலாசர் சனிக்கிழமையன்று மீன்சினை உண்ண அனுமதி உண்டு. கல்லறையிலிருந்து வெளியே வந்தவரை நினைக்கும் நாளில், உயிர் அடங்கிய சிறு மணிகள்! நம் மேலைத் திருச்சபையிலும் முற்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கப்பட்டிருந்தது. கோழி அதை அறியுமா? அது இட்டுக்கொண்டே இருக்க, உயிர்ப்பு விழாவன்று வீடெல்லாம் முட்டை சேர்ந்திருக்கும். விழாவுக்கு முட்டை வந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

பெரிய வெள்ளி மாலை, சிலுவைப்பாதையும் திருச்சிலுவை ஆராதனையும் முடிந்து, முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது மருமகன் கணக்குப் போட்டான். வருகிறவர்கள் அறுபது பேர். முட்டை முப்பத்தாறு, அரை முட்டையாக எழுபத்திரண்டு. ஒன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலாக வைத்தால் டப்பா இருபத்து நான்கோடு தீர்ந்துவிடும். மீதி நாற்பத்தெட்டுக்கு என்ன செய்வது? முன்பு ஒருமுறை கறுப்புச் சினை என்று எழுதிய மலிவான புட்டியொன்றை எங்கோ வாங்கி வந்து ஏமாந்த கதையையும் சொன்னான். லம்ப் மீன் என்னும் வேறொரு கடல்மீனின் சினைக்குச் சாயமேற்றி அடைத்திருந்தார்களாம். முட்டையின் மேல் வைத்த கால் மணி நேரத்தில் சாயம் ஒழுகி, வெள்ளைக் கரு மைக்கூடு கவிழ்ந்தது போலாகிவிட்டதாம். லம்ப் மீன் சினை உண்ணத் தகாததன்று. வடிகட்டியில் இட்டு நீரில் அலசி, ஈரம் ஒற்றியெடுத்துப் பயன்படுத்தினால் சாயம் அவ்வளவாக இறங்காது என்று பிறகு கற்றுக்கொண்டானாம்.

"ஏன், அந்த உண்மையான மீனுக்கு என்ன ஆயிற்று? கடலில் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"குறைந்துவிட்டது மாமா. அளவில்லாமல் பிடித்தார்கள். அதோடு வோல்காவில் பெரிய அணை கட்டினார்கள். மீன் ஏறிப்போக வழி அடைபட்டுவிட்டது. இந்த டப்பாவில் இருப்பது இத்தாலியில் பண்ணையில் வளர்த்த மீனுடையது."

அதுவரை சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அத்தான் எழுந்து உட்கார்ந்தார். "அந்த ஆற்றுக்கும் அணை கட்டிவிட்டார்களா?" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1968 முதல் 2003 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் பணியாற்றியவர் அவர். மேலணையாகிய முக்கொம்பும், கல்லணையும், உய்யக்கொண்டான் வாய்க்காலும் அவருக்குச் சொந்த வீட்டு அறைகளைப் போல. மருமகன் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினான். வோல்கோகிராட் அணை 1958க்கும் 1961க்கும் இடையில் நிறைவெய்தியது. பெலுகா முட்டையிடும் இடங்களில் மிகப் பெரும்பகுதி அதற்கு மேலே அகப்பட்டுக்கொண்டது. 1998 முதல் ஸ்டர்ஜன் இனம் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்துவிட்டன. இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணைச் சரக்கு. அதில் சீனாவே முதலிடம்.

அத்தான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாப்பிள்ளை, நீர் உல்லம் சாப்பிட்டிருக்கிறீரா?" என்று என்னைக் கேட்டார்.

உல்லம் என்பது வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன். கடலில் வாழ்ந்து, புது வெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறி முட்டையிடும் இயல்புடையது. வோல்காவுக்கு ஸ்டர்ஜன் எப்படியோ, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உல்லம் அப்படி. அத்தான் பிறந்தது கும்பகோணத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டிருக்கும் அணைக்கரைப் பக்கத்தில். ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டளவில் மேலணையையும் கீழணையையும் கட்டுவித்தார். தஞ்சைத் தரணிக்கு அது வாழ்வளித்தது, அதில் ஐயமில்லை. ஆனால் கடலிலிருந்து ஏறிவரும் மீனுக்கு அது சுவர். ஆடி வெள்ளத்தில் ஏறிவந்த உல்லம் கீழணையின் அடியில் வந்து முட்டி நிற்க, வலைஞர் அங்கேயே அள்ளினர். இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பெருநூல் வெளியிட்ட பிரான்சிஸ் டே என்னும் சென்னை இராணுவ மருத்துவர், மீன் ஏற வழியின்றிக் கட்டப்படும் இத்தகைய அணைகளைப் பற்றி அந்நாளிலேயே அரசாங்கத்தை எச்சரித்தார். 1909ஆம் ஆண்டளவில் சென்னை மாகாண மீன்துறையின் வில்சன் என்பவர் கொள்ளிடத்தில் உல்லத்தின் சினையைக் கையால் பிழிந்து செயற்கையாகக் கருவுறச் செய்து பார்த்தார். இந்தியாவில் அவ்வினத்தில் நடந்த முதல் முயற்சி அதுவே.

1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அது உல்லத்தை நேராகத் தடுக்கவில்லை. அவ்வளவு தொலைவு அந்த மீன் போகவும் இல்லை. மீனை அழைக்கும் வெள்ளத்தை அது பிடித்துவைத்துக்கொண்டது. கதவு திறக்கும் நாளில்தான் ஆறு வரும் என்றான பிறகு, கழிமுகத்தில் காத்திருந்த மீனுக்கு அழைப்பு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. ஆற்றில் உல்லம் அருகிப்போயிற்று. அத்தானின் பிள்ளைப் பருவமாகிய 1950களில் கிடைத்தது, தப்பித்தவறி வந்த மிச்சமே.

"எங்கள் அம்மா சினையை மட்டும் தனியே எடுத்து, மஞ்சளும் மிளகும் உப்பும் தடவி, வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் வாட்டுவார்கள். நாங்கள் எட்டுப் பிள்ளைகள். ஆளுக்குக் கட்டைவிரல் நகம் அளவு. அதற்கே சண்டை. ஓர் ஆண்டு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை. பிறகு கேட்பதையே விட்டுவிட்டோம். மாப்பிள்ளை, உல்லத்தை நான் நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்திய கதவுகளுக்கு முப்பத்தைந்து ஆண்டு எண்ணெய் போட்டவன் நான்."

அவர் அதைத் துயரத்தோடு சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஓர் உணவைப் பற்றிப் பேசினார் என்பதை அக்காள் கவனித்துவிட்டாள். சமையலறைக் கதவருகே நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

மறுநாள் பெரிய சனி. விடியலில் மருமகனும் நானும் மீன்கடைக்குப் புறப்பட்டோம். வாசலில் செருப்பு மாட்டும் ஒலி கேட்டுத் திரும்பினால், அத்தான் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கிறார். "சினை வாங்க உங்களுக்குத் தெரியாது" என்றார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆட்டோவை மெதுவாக ஓட்டச் சொன்னோம்.

உறையூர்க் காசிவிளங்கி மீன் அங்காடிக்குத் தில்லை நகரிலிருந்து சிறிது தொலைவுதான். விழாவுக்கு முந்தின நாள் ஆதலால் கூட்டம் நெரிந்தது. ஆனால் கடல்மீன் வரத்துக் குறைவு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லக்கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் 2001இல் 45 நாளாக வந்த தடை, 2017 முதல் 61 நாளாயிற்று. அவ்வாண்டு தடை தொடங்கிய இரண்டாம் நாளே பெரிய சனி. நாட்டுப்படகு மீனும், பிற கரையிலிருந்து பனிக்கட்டியில் வந்ததும், குளத்து மீனுமே தட்டுகளை நிரப்பியிருந்தன.

ஓர் அம்மாள் எங்களை அழைத்துத் தட்டின் மூலையிலிருந்து ஈரத்துணியை விலக்கிக் காட்டினார். வயிறு பருத்த கெண்டைகள் ஏழெட்டு. "கொள்ளிடத்து மடுவில் பிடிச்சது ஐயா. எல்லாம் சினைக் கெண்டை. நாட்டுக் கெண்டை இப்ப எங்க கிடைக்குது!" என்றார். சினைக்காகவே தனி விலை சொன்னார். மருமகன் பணப்பையை எடுத்தான். அத்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது வேண்டாம். ஆறு வற்றிய நேரத்தில் மடுவில் ஒதுங்கிக் கிடந்து, வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறது அது. பண்ணைக் கட்லா இருக்கிறதா அம்மா?"

கட்லா இருந்தது. கங்கைச் சமவெளிக்கு உரிய மீனாகிய கட்லாவைக் காவிரிக்குக் கொண்டுவந்து நூறாண்டு ஆகப்போகிறது. இன்று நம் வீட்டுக் குழம்புகளில் உள்ளூர்க்காரனைப்போல் அமர்ந்துவிட்டது. ஆனால் குளத்தில் வளருமே தவிர, குளத்தில் தானாக முட்டையிடாது. அதற்கும் ஆற்று வெள்ளம் வேண்டும். அந்தத் தடையைக் கடந்தவர் ஹீராலால் சௌதரி என்னும் வங்க அறிஞர். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்னும் இடத்தில், மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிமூலம் செலுத்தி, கெண்டையினத்தைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அந்த நாளே இன்று நாட்டில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மேட்டூர் அணையின் அடியிலேயே மீன்குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. வெள்ளத்தைப் பிடித்துவைத்த அணையே வெள்ளமின்றிப் பிறக்கும் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகியிருக்கிறது என்று அத்தான் ஆட்டோவில் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பெண் கட்லா இடும் முட்டை இலட்சக்கணக்கில். பண்ணை மீனின் சினையை எடுத்துக்கொண்டால் ஆறு எதையும் இழப்பதில்லை. இரண்டு பெரிய கட்லாக்களின் சினை, ஒன்றரைக் கிலோ இருக்கும், எங்கள் பையில் இருந்தது.

இனிச் சமையலறை. குடும்பத் தலைவியர் பொறுமையிழந்திருப்பார்கள், செய்முறையைச் சொல்லிவிடுகிறேன்.

முட்டை நாமக்கல்லிலிருந்து வந்தது. திருச்சியில் வேறெங்கிருந்து வரும்? இட்ட அன்றே அவித்த முட்டை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உரியும்போது பிய்ந்துவிடும். ஆகவே நாலைந்து நாள் ஆன முட்டையே இதற்கு நல்லது. கொதித்த பின் பத்து நிமிடம். பிறகு குளிர்ந்த நீர். அதற்குமேல் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். நீளவாக்கில் இரண்டாக வெட்டி, அடியில் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டால் தட்டில் உருளாமல் நிற்கும். மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து, வெண்ணெய், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர், சிறிது அரைத்த கடுகு, வெள்ளை மிளகுத் தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குழைக்க வேண்டும். உப்பு மிகக் குறைவாக. மேலே வரும் சினையில் உப்பு இருக்கிறது. குழைத்ததை எண்ணெய்த் தாளில் கூம்பு செய்து அதன் நுனியால் பிழிந்து நிரப்பினால் பூப்போல் அமையும்.

கட்லாச் சினைக்கு வேலை அதிகம். நன்னீர் மீனின் சினையைப் பச்சையாக உண்ணவே கூடாது. புழுக்கள் உடம்பில் புகும். (கடல்மீன் என்றாலும், பேத்தை மீனின் சினை கொடிய நஞ்சு, தெரியாத மீனின் சினையைத் தொடாதிருப்பதே நன்று.) கட்லாச் சினைப் பையை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் அலசி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரில் இட்டால் தோல் சுருங்கும். கரண்டியின் பின்புறத்தால் சல்லடைமேல் தேய்க்க, தோல் மேலே தங்கி மணிகள் கீழே உதிரும். அதை நல்லெண்ணெயில் பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகோடு இளந்தீயில் கிளறினால், கண்ணாடிபோல் இருந்த மணி மெல்ல வெளிறி, இளமஞ்சளாகி, உதிரி உதிரியாகப் பிரியும். உள்ளும் வெளியும் ஒரே நிறமானால் வெந்துவிட்டது. இறக்கி, ஆறிய பின் எலுமிச்சைச் சாறு.

இங்கே ஓர் இடர் வந்தது. அக்காள் உயிர்ப்புத் திருவிழிப்புத் திருப்பலி முடியும்வரை ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்று சிறுவயது முதல் விரதம் காப்பவள். மருமகனும் தாயார் முன்னிலையில் சுவைபார்க்கத் துணியவில்லை. எனக்கோ இரத்தக் கொதிப்பு. உப்பு விஷயத்தில் என் நாக்கை நம்பி எவரும் சமைப்பதில்லை. ஆகவே உப்புச் சரியா என்று பார்க்க ஆளில்லை. அத்தானிடம் கரண்டியை நீட்டினாள் அக்காள். "நோயாளிக்கு விரதம் இல்லை" என்றாள். அவர் நாலு மணிகளை எடுத்து வாயிலிட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் இருந்தார். பிறகு, "இன்னும் கொஞ்சம் மிளகு" என்றார்.

நாக்கில் சுவையே இல்லை என்று பல மாதமாகச் சொல்லிவந்தவர்! அக்காள் மிளகுப் பொடியை எடுக்கத் திரும்பினாள். திரும்பியவள் அலமாரிப் பக்கமே சற்று நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் பந்தல் நிறைந்தது. டப்பாவை அப்போதுதான் திறந்தார்கள். கேவியரை வெள்ளிக் கரண்டியால் தொட்டால் அதன் சுவை கெடும் என்று கருதி, சிப்பியிலோ எலும்பிலோ செய்த கரண்டிகளைப் பயன்படுத்துவது வழக்கமாம். தில்லை நகரில் சிப்பிக் கரண்டிக்கு எங்கே போவது? குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்னும் மரக் கரண்டியால் காரியம் முடிந்தது. கப்பலில் எத்தனை கோடீசுவரர்களுக்குப் பரிமாறினானோ, இங்கே மருமகனின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். பெருந்தட்டு மூன்றில் எழுபத்திரண்டு அரை முட்டைகள். நாற்பத்தெட்டில் பொன்மணிகள், இருபத்து நான்கில் கறுப்பு மணிகள். கறுப்பை முதியவர்களுக்கும் குருவானவருக்கும் எடுத்துவைக்கலாமா என்று அவன் கேட்டான். அக்காள் மறுத்துவிட்டாள். எல்லாவற்றையும் கலந்து அடுக்கச் சொன்னாள். யாருக்கு எது வாய்க்கிறதோ அது.

அப்படியே நடந்தது. பங்குக் குருவுக்குக் கட்லா வந்தது. வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாருக்குக் கறுப்பு வந்தது. வாயில் போட்டு, "கருவாட்டுத் தண்ணி மாதிரி இருக்கு" என்று உண்மையைச் சொன்னார். எனக்கும் கறுப்பே கிடைத்தது. முதலில் கடல் உப்பு, பிறகு வெண்ணெய், கடைசியில் பாதாம் பருப்பு போன்ற ஒரு மெல்லிய சுவை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிளகும் நல்லெண்ணெயும் சேர்ந்த கட்லாவை இரண்டாம் முறை தேடிச் சென்றேன் என்பதையும் மறைக்கலாகாது. பிள்ளைகள் கறுப்பை வழித்துவிட்டு முட்டையைத் தின்றார்கள். அந்த வழித்தெடுத்த மணிகளை மருமகன் பார்க்காதபடி அக்காள் தட்டை மூடி உள்ளே கொண்டுபோனாள்.

அத்தானின் தட்டுக்கு வந்தது ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள். கறுப்பை உண்டு, "நல்ல மீன். பாவம்" என்றார். மஞ்சளை உண்ணும்போது ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிரியாணி வந்தபோது அதையும் வேண்டாமென்று சொல்லவில்லை.

மாலையில் பிள்ளைகள் நச்சரிக்க, இரண்டு வண்டிகளில் முக்கொம்புக்குப் போனோம். விழா நாளில் திருச்சிக்காரர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒன்று கொள்ளிடமாகும் இடம். சித்திரை மாதத்து ஆறு. மணல்தான் பெரும்பாலும், நடுவே கண்ணாடி ஓடைபோல் சிறிது நீர். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்ட இடத்தை அத்தான் பிள்ளைகளுக்குக் காட்டினார். எந்தக் கதவு எத்தனை சுற்றில் திறக்கும், பழைய நாளில் எத்தனை ஆள் சேர்ந்து சுற்ற வேண்டும் என்றெல்லாம் விவரித்தார். "மீன் எந்தக் கதவு வழியாக வரும், தாத்தா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "மீனுக்கென்று கதவு வைக்கவில்லை கண்ணே" என்றார்.

மறுநாள் நான் ஊர் திரும்பினேன். காலி டப்பாவைக் கழுவி அக்காள் பொத்தான் போட்டு வைத்திருக்கிறாள்.

அவ்வாண்டு மேட்டூருக்கு நீர்வரத்து மிகுந்திருந்தது. வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் மே 24 அன்றே அணையைத் திறந்துவிட்டார்கள். சில நாள் கழித்து அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். உய்யக்கொண்டானில் தண்ணீர் வந்துவிட்டதாம். தாமே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். கலங்கலாக வருகிறது, குப்பையும் நிறைய வருகிறது என்றார். பிறகு, கரையில் ஒருவன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்ததாகவும், என்ன விழுந்தது என்று தாம் கேட்டதாகவும் சொன்னார்.

"என்ன விழுந்ததாம், அத்தான்?"

"ஜிலேபி."